நீங்கள் விற்காத பாடல்கள்: ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் சட்டம் இயற்றுவோருக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஒலிப்பதிவு நிறுவனங்களின் தேசிய, சர்வதேசக் கூட்டமைப்புகள்,
பதிப்புரிமைச் சட்டத்தை எழுதவும் திருத்தவும் அதிகாரம் பெற்றவர்கள்.

வணக்கம்.

இந்த மடலில் இருப்பது ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் பெயரில் உரிமை இருக்கும் ஓர் ஒலிப்பதிவை நீங்கள் தட்டாகவோ கோப்பாகவோ விற்கவில்லை, ஸ்ட்ரீமிங் தளங்களிலும் ஏற்றவில்லை என்றால், அதைக் காசு வாங்காமல் இணையத்தில் பகிர்ந்துகொள்பவர்களைத் தடுக்காதீர்கள். சட்டம் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் அதற்கு வழி செய்து கொடுங்கள். அவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

கோப்புப் பகிர்வு என்றாலே உங்கள் தரப்பில் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று வெளியான ஆல்பத்தை இன்று டோரண்டில் ஏற்றுகிறவருக்காக வாதாட நான் வரவில்லை. பாடியவர், இசையமைத்தவர், வாசித்தவர், ஒலிப்பதிவுப் பொறியாளர் என்று பலருக்கு அந்த விற்பனையில்தான் பிழைப்பு. 1999-க்குப் பிறகு இசை விற்பனை சரிந்ததில் பகிர்வுக்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளியல் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-கீ, கோல்மன் ஸ்ட்ரம்ப் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பாதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றது. ஸ்டான் லீபோவிட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். என்னைக் கேட்டால், பகிர்வுக்குப் பங்கே இல்லை என்பது நம்பும்படியாக இல்லை. ஆகவே அந்தச் சண்டையை இங்கே மறுபடி போட வேண்டாம்.

நான் பேச வந்தது வேறொரு பகுதியைப் பற்றி. கடையில் இல்லாத, கடைக்கு வரவும் போகாத பதிவுகள். பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கும் பழக்கம் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் பகுதி சின்னது இல்லை.

2005-இல் அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகத்துக்காக டிம் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 1890 முதல் 1964 வரை அந்த நாட்டில் வெளிவந்த ஒலிப்பதிவுகளில், ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் முக்கியமானவை என்று கருதியவற்றிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை வாங்கக் கிடைக்கின்றன என்று பார்த்தார். உரிமையாளர்கள் மறுவெளியீடு செய்திருந்தவை 14 சதவீதம். உரிமை இல்லாத மற்றவர்கள், அதாவது சிறு வெளியீட்டாளர்களும் சேகரிப்பாளர்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் வெளியிட்டிருந்தவை 22 சதவீதம். சொத்து யாருடையதோ அவர்களைவிட, சட்டப்படி அதைத் தொடக்கூடாதவர்கள் அதிகமாக வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். குடியேறிய மக்களின் மொழிகளில் அச்சான தட்டுகளின் நிலை இதிலும் அடிமட்டம். கவனியுங்கள், இது ஆட்கள் தேடுகிற பதிவுகளின் கணக்கு. யாருமே பட்டியலிடாதவை இதில் வரவில்லை.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஸ்ட்ரீமிங் வந்துவிட்டது, நிலைமை மாறிவிட்டது என்பீர்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் முன்பு கேசட்டில் மட்டும் வந்த பதிவையோ, சிறிய நிறுவனம் ஒன்று ஐந்நூறு பிரதி அடித்துவிட்டு மூடிப்போன தட்டையோ அங்கே தேடிப் பாருங்கள். கிடைக்கிற பதிவிலும் பலசமயம் முதல் கலவை இருக்காது. பின்னாளில் சத்தம் கூட்டி மறுபடி மெருகேற்றியது மட்டும்தான் இருக்கும். அப்புறம், இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2024 பிப்ரவரியில் டிக்டாக்கோடு ஒப்பந்தம் முறிந்ததும் யுனிவர்சல் மியூசிக்கின் பாடல்கள் ஒரே நாளில் அங்கிருந்து போயின. மே மாதம் சமரசமான பிறகுதான் திரும்பின. அது பெரிய நிறுவனம், பெரிய பாடல்கள், அதனால் திரும்பின.

ஏன் விற்கவில்லை என்று உங்களைக் கேட்டால் நியாயமான காரணங்கள் சொல்வீர்கள். அவற்றில் பல எனக்கும் ஒப்புதல்தான். 1998 வரை உலகில் ஆறு பெரிய இசை நிறுவனங்கள் இருந்தன, இன்று மூன்று. ஒன்றை ஒன்று விழுங்கும்போது பெட்டி பெட்டியாக ஒப்பந்தங்கள் இடம் மாறின. எந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதே சில இடங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பழைய ஒப்பந்தங்களில் தட்டு, நாடா என்று இருக்குமே தவிர, இணையம் என்ற பேச்சே இருக்காது. வாரிசுகளைத் தேடி, கையெழுத்து வாங்கி, வழக்கறிஞருக்குச் செலவழித்து வெளியிட்டால், ஆண்டுக்கு நூறு பேர் கேட்பார்கள். கணக்குப் பார்க்கும் எந்த மேலாளரும் அதைச் செய்யமாட்டார்.

டி லா சோல் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1989-இல் வெளிவந்த முதல் ஆல்பத்திலேயே பேர் வாங்கியவர்கள். பிற பாடல்களிலிருந்து எடுத்த துணுக்குகளை வைத்துக் கட்டிய இசை அது. அந்தத் துணுக்குகளுக்கு வாங்கிய அனுமதி டிஜிட்டல் விற்பனைக்குச் செல்லுமா என்ற சிக்கலில் அவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்கள் பல ஆண்டுகள் இணையக் கடைகளிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. 2014 பிப்ரவரி 14 அன்று அந்தக் குழுவினரே பொறுமையிழந்து, தங்கள் பழைய ஆல்பங்கள் எல்லாவற்றையும் 25 மணி நேரத்துக்கு இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டார்கள். படைத்தவர்களே பகிர்வில் இறங்க வேண்டியிருந்தது. கடைசியில் 2023 மார்ச்சில்தான் அவை ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்குச் சில வாரங்கள் முன்பு இறந்துபோனார்.

புகழ்பெற்ற குழுவுக்கே இந்தக் கதி. யாரும் போராடாத பதிவுகளின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விற்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது, சரி. பிறரைத் தடுப்பதற்கு என்ன காரணம்? வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, தின்ன வரும் மாட்டையும் விடாது என்பார்களே, உங்கள் நிலை அதில்தான் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் பகிர்வு என்ன செய்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் ஆவணங்களில் அது வெறும் நஷ்டக் கணக்காகத்தான் வருகிறது.

பாட்டுக் கோப்புகளைக் கணினிக்குக் கணினி பகிர உதவிய நாப்ஸ்டர் 1999 ஜூனில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வழக்கு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பு, ஜூலையில் மூடல். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு வந்த தனிக் குழுக்களின் கதைதான் அதிகம் வெளியே வரவில்லை. 2004 முதல் 2007 வரை இருந்த ஓயிங்க், அது மூடிய அதே மாதம் தொடங்கி 2016 நவம்பர் வரை நடந்த வாட்.சிடி, இரண்டும் அழைப்பின்பேரில் மட்டும் சேரக்கூடிய டோரண்ட் தளங்கள். உள்ளே கண்டிப்பு அதிகம். தரம் குறையாத வடிவில் ஏற்ற வேண்டும். குறுந்தட்டிலிருந்து பிழையில்லாமல் எடுத்ததற்குச் சான்றாக மென்பொருள் எழுதும் பதிவுக் குறிப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு அச்சும், எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த எண்ணில் வந்தது என்று தனித்தனியாகப் பட்டியலாகும். இறக்கிய அளவுக்கு ஏற்ற விகிதத்தில் பிறருக்குத் தரவும் வேண்டும். கிடைக்காத தட்டு ஒன்று வேண்டுமென்றால் அதற்குப் பரிசு அறிவிக்கலாம். பரிசு பணம் இல்லை, கணக்கில் ஏறும் வரவு. அந்த வரவுக்காகப் பழைய தட்டுக் கடைகளைத் துழாவி, சொந்தக் காசில் வாங்கி, நுண்மையாகப் பதிவு செய்து ஏற்றியவர்கள் இருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கான இசைப் பட்டியல் எந்தப் பொது நூலகத்திலாவது இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அங்கே கடையில் கிடைக்கும் ஆல்பங்களும் கணிசமாக இருந்தன. அதை மறைக்க மாட்டேன். அவற்றை எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சட்டத்திடம் சல்லடை இல்லை. விற்பனையில் இருப்பதும் இல்லாததும் அதற்கு ஒன்றே. வாட்.சிடியின் சர்வர்களை பிரான்ஸ் காவல்துறை கைப்பற்றிய அன்று, நிர்வாகிகள் தரவுகளை அழித்துவிட்டதாக அறிவித்துத் தளத்தை மூடினார்கள். உறுப்பினர்களைக் காப்பாற்ற அதுதான் வழி. லட்சக்கணக்கான வெளியீடுகளின் பட்டியலும் அதோடு போயிற்று. ஓயிங்கை நடத்தியவரை இங்கிலாந்தில் ஒரு ஜூரி 2010-இல் குற்றமற்றவர் என்று விடுவித்தது என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

பல பிரதிகள் பல கைகளில் இருப்பதுதான் ஒலிக்குப் பாதுகாப்பு என்பதை உங்கள் தொழில் தன் அனுபவத்திலேயே கண்டிருக்கிறது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. எரிந்த கிடங்கில் யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் மாஸ்டர் நாடாக்கள், அதாவது மூலப் பதிவுகள், இருந்தன. எத்தனை போயின என்பதில் நிறுவனமும் 2019-இல் அதைப் பற்றி விரிவாக எழுதிய நியூயார்க் டைம்ஸும் ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், இழப்பு பெரிது என்பது வெளியே தெரியவே பதினோரு வருடம் ஆயிற்று. அதே 2019-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று செய்தி வந்தது. அதில் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தது எப்படித் தெரியுமா? ஆய்வுக்காக யாரோ 2008-2010 காலத்தில் நகலெடுத்து வைத்திருந்த நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இணைய ஆவணக்காப்பகம் (Internet Archive) என்ற லாபநோக்கற்ற இணைய நூலகத்துக்கு வந்துசேர்ந்தன. நகலெடுத்தவர்கள் பெயர் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்லிக்கொள்ளவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசைத் தொழில் சங்கம், வீட்டில் கேசட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரசாரம் செய்தது. அதற்கு முந்தைய காலத்தில் பிபிசி இடத்துக்காகவும் செலவுக்காகவும் தன் நாடாக்களை அழித்துக்கொண்டிருந்தது. 1960-களில் அதன் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் காணாமல் போன பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது. ரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்து வீட்டில் பதிவு செய்துகொண்டதால் மிஞ்சியது.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். எழுபதுகளின் காந்த நாடாக்கள் பலவற்றில் பசை ஈரம் இழுத்து, இயந்திரத்தில் ஓட்டினால் ஒட்டிக்கொள்கிறது. சூட்டில் வாட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் எரித்த குறுந்தட்டுகளின் சாயம் மங்குகிறது. சட்டம் கொடுக்கும் பாதுகாப்புக் காலமோ இவற்றின் ஆயுளைவிட நீளம். ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளுக்கு இருந்த 50 ஆண்டை 2011-இல் 70 ஆக்கியது. அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகள் மாநிலச் சட்டங்களின் கீழ் இருந்ததால், 1890-இல் மெழுகு உருளையில் பதிவான குரல்கூட 2067 வரை பூட்டிக்கிடக்கலாம் என்ற நிலை 2018 வரை நீடித்தது. அந்த ஆண்டு வந்த இசை நவீனமயமாக்கல் சட்டம்தான் அதைச் சரிசெய்தது. 1923-க்கு முன் வெளியான பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாயின. 1957 முதல் 1972 பிப்ரவரி வரை வந்தவை அங்கே இன்னும் 2067 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நாடா இருக்குமா?

இப்போது தண்டனைக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் உண்மையான நஷ்டத்தை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததென்றால் 1,50,000 டாலர் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். இது வியாபாரத் திருட்டுப் பதிப்பாளருக்காக எழுதிய அளவு. 2003 செப்டம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தபோது, அதே அளவுகோல் சாதாரணக் கேட்பவர்கள் மீது திரும்பியது. முதல் தொகுப்பிலேயே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிக்கினாள். 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆயிற்று. 2008 இறுதியில் நீங்களே இந்த வழியைக் கைவிடும்போது ஏறத்தாழ 35,000 பேர் இதில் மாட்டியிருந்தார்கள். மினசோட்டாவில் 24 பாடல்களுக்காக ஒரு பெண்மணிக்கு ஜூரி முதலில் 2,22,000 டாலர் விதித்தது; மறுவிசாரணையில் இன்னொரு ஜூரி 19,20,000 என்றது; சுற்றிச் சுற்றி 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-இல் நிறுத்தியது. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அதே பாட்டை இணையக் கடையில் ஒரு டாலருக்கு வாங்கியிருக்கலாம்.

அந்தப் பாடல்கள் விற்பனையில் இருந்தவை. அதனால் அந்த வழக்கு என் கோரிக்கைக்குள் வராது. ஆனாலும் அதைச் சொல்லக் காரணம் உண்டு. பகிரப்பட்ட பாட்டு விற்பனையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்தத் தொகையின் வரம்பு மாறுவதில்லை. எங்கும் கிடைக்காத தட்டைச் சுத்தம் செய்து ஏற்ற நினைப்பவர் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டுத் தட்டை அலமாரியில் திருப்பி வைத்துவிடுகிறார். வழக்கே போடாமல் நீங்கள் ஜெயித்துவிடுகிறீர்கள்.

2023 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து இணைய ஆவணக்காப்பகத்தின் மீது தொடுத்த வழக்கையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஆவணக்காப்பகத்தினர் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகளை லட்சக்கணக்கில் டிஜிட்டலாக்கி, கீறல் சத்தத்தோடு அப்படியே ஏற்றிவந்தார்கள். வழக்கில் முதலில் பட்டியலிட்டவை 2,749 பதிவுகள். உச்சபட்ச இழப்பீட்டால் பெருக்கினால் 41 கோடி டாலருக்கு மேல். அந்தப் பதிவுகள் எல்லாம் ஏற்கெனவே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன என்றீர்கள். ஃபிராங்க் சினாட்ரா, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பில்லி ஹாலிடே போன்றவர்களின் பாடல்கள் அதில் இருந்தன என்பதால் அது சரியான வாதம். விற்பனையில் இருக்கிறதா என்பதுதான் கோடு என்றால், நானும் அந்தக் கோட்டைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு வசதியான பக்கத்தில் மட்டும் அதை வரையாதீர்கள்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆணையில் ஒரு விதி உண்டு: 50 ஆண்டு கடந்த பிறகு, தயாரிப்பாளர் ஒரு பதிவைப் போதிய அளவில் விற்கவில்லை என்றால், அதில் பாடியவரோ வாசித்தவரோ நோட்டீஸ் கொடுக்கலாம், ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். நல்ல விதி. ஆனால் 50 ஆண்டு காத்திருக்கும் கலைஞர் உயிரோடு இருக்க வேண்டும். 2019 ஆணையின் 8-ஆம் பிரிவு, வணிகத்தில் இல்லாத படைப்புகளை நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் மக்களுக்குத் தர வழி செய்கிறது. உரிமையாளர் வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். அது நிறுவனங்களுக்கு மட்டும். நாம் பார்த்த மாதிரி, அரிய தட்டுகள் பல தனிமனிதர்களின் அலமாரியில் இருக்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலும், மக்களுக்குக் கிடைக்காமல் நிறுத்திவைக்கப்பட்ட படைப்புக்குக் கட்டாய உரிமம் பெறும் வழி உண்டு. முறையிட்டு, விசாரணை நடந்து, அப்புறம் உரிமம். ஒரு பழைய தட்டுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் 2018 சட்டத்தில் இருக்கிறது. 1972-க்கு முந்தைய பதிவு ஒன்றை வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்த விரும்புகிறவர், அது விற்பனையில் இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். உரிமையாளருக்கு 90 நாள் அவகாசம். அவர் மறுக்காவிட்டால் பயன்படுத்தலாம். தனிமனிதரும் செய்யலாம், நிறுவனமும் செய்யலாம். இதில் இரண்டு குறைகள். 1972 என்ற தேதி; அதற்குப் பிறகு வந்த கேசட் காலம் முழுவதும் வெளியே நிற்கிறது. அடுத்து, உரிமையாளர் விற்கத் தயாராக இல்லாமலே வெறுமனே மறுத்துவிட முடியும்.

இந்த இரண்டையும் திருத்தி எல்லா நாடுகளும் ஏற்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. பதிவு வெளிவந்த ஆண்டு எதுவாக இருந்தாலும், தொடர்ந்து பத்து வருடம் விற்பனையிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை என்றால் யாரும் அறிவிப்புக் கொடுக்கலாம். 90 நாளில் மறுக்கலாம், ஆனால் மறுப்பவர் ஓராண்டுக்குள் அதை வாங்கக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். செய்தால் பகிர்வு நிற்க வேண்டும். செய்யாவிட்டால், காசு வாங்காத பகிர்வு தொடரலாம், அதற்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு கிடையாது. பாடியவரும் எழுதியவரும் இசையமைத்தவரும் எதிர்த்தால் அந்தக் குரலுக்குத் தனி மதிப்புக் கொடுங்கள். தன் ஆரம்பகால முயற்சி வெளியே வர வேண்டாம் என்று ஒரு கலைஞர் நினைத்தால் அது அவர் இஷ்டம். நிறுவனத்துக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

கலைஞருக்குப் பணம்? விற்காத பதிவிலிருந்து இன்று அவருக்கு வருவது பூஜ்யம். அதற்குக் கீழே இறக்க முடியாது. ஆனாலும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் வழி இருக்கிறது. 1909-இல் தானியங்கிப் பியானோச் சுருள்களால் பாடலாசிரியர்கள் பதறியபோது, அமெரிக்க நாடாளுமன்றம் சுருள்களைத் தடைசெய்யவில்லை. பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டிவிட்டு யாரும் தயாரிக்கலாம் என்று கட்டாய உரிமம் கொண்டுவந்தது. ஜெர்மனி 1965-இல் பதிவுக் கருவிகள் மீது சிறு தீர்வை விதித்து, வீட்டு நகலெடுப்புக்கு ஈடாகக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2005 டிசம்பரில் பிரான்ஸின் தேசியப் பேரவை, மாதச் சந்தா ஒன்று கட்டினால் பகிரலாம் என்ற திட்டத்துக்கு ஒரு வாக்கெடுப்பில் ஆதரவே அளித்தது. 2006-இல் உங்கள் தரப்பின் எதிர்ப்பில் அது கரைந்துபோனது. அதற்குப் பதிலாக 2009-இல் இணைப்பைத் துண்டிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து, 2013-இல் அந்தத் தண்டனையை நீக்கினார்கள். நடுவில் போன ஆண்டுகளில் கலைஞருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கணக்குக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இதனால் உங்கள் வருமானம் குறையும் என்று சொல்லமாட்டீர்கள் என நம்புகிறேன். உங்கள் சர்வதேசக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-இல் உலக ஒலிப்பதிவு வருமானம் 2,960 கோடி டாலர். தொடர்ந்து பத்தாவது ஆண்டாக வளர்ச்சி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங். யாருமே வாங்க முடியாத பதிவு பகிரப்படுவதால் இந்தத் தொகையில் ஒரு டாலரும் குறைய வழியில்லை. கூடுவதற்கு வேண்டுமானால் வழி உண்டு. ஏதோ ஒரு பழைய பதிவை ஆயிரக்கணக்கானவர்கள் இறக்குகிறார்கள் என்று தெரிந்தால், அதை வெளியிடலாம் என்று உங்களுக்கே தோன்றும். பணம் செலவழிக்காமல் கிடைக்கும் சந்தை ஆய்வு அது.

ஒரு எதிர்ப்பை மட்டும் கனமாக எடுத்துக்கொள்கிறேன். விற்பனையில் இல்லை என்பதை யார் முடிவு செய்வது? பகிர்கிறவர் பாதி தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடலாமே? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. பதிவுகளை அடையாளம் காட்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு 1986 முதல் இருக்கிறது. அதை உலக அளவில் நிர்வகிப்பதும் உங்கள் கூட்டமைப்புதான். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டு அனுப்பும்போது எந்தக் குறியீடு, எந்த நாட்டில், எந்த நாள் முதல் என்ற விவரத்தையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். எது விற்பனையில் இருக்கிறது என்பது உங்கள் கணினிகளுக்கு இந்த நிமிடமே தெரியும்.

ஆகவே சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே செய்யக்கூடிய ஒன்றோடு முடிக்கிறேன். உங்கள் கிடங்கில் இருக்கும் பதிவுகளின் முழுப் பட்டியலை வெளியிடுங்கள். குறியீடு இல்லாத பழைய தட்டுகளையும் அவற்றின் அச்சு எண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விற்பனையில் உண்டு, இல்லை என்று ஒரு கட்டம் போடுங்கள். உரிமை யாரிடம் என்று தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றே எழுதுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இல்லை என்ற கட்டத்தில் விழும் பதிவுகளுக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பமாட்டோம், வழக்குப் போடமாட்டோம் என்று ஐந்து வருடத்துக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். நஷ்டம் வந்தால் ஐந்தாம் வருட முடிவில் உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பட்டியலில் இல்லை என்று குறித்த ஒன்றை இடையில் விற்க நினைத்தால் கட்டத்தை மாற்றுங்கள். ஏற்றியவர்கள் முப்பது நாளில் எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையை நாங்களும் ஏற்கிறோம்.

பட்டியல் எந்த மாதம் வரும் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கும் ஒருவன்